பார்ப்பதா, விட்டுவிடுவதா? ஆமையாய் ஊர்ந்து புயலாய் மாறிய விண்வெளிக் கதை!

மொத்தம் 110 பகுதிகள். ஒவ்வொன்றும் சுமார் 44 நிமிடம். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க 80 மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

ஆனால், முதல் 12 பகுதிகளில் கதை நகருவதாகவே தெரியாது.

இப்படி ஒரு டெலிவிஷன் தொடரைப் பொறுமையோடு பார்ப்பதா? அல்லது பாதியில் எழுந்து போய்விடுவதா?

1994-ம் ஆண்டில் அமெரிக்க மக்கள் முன் இந்தக் கேள்வி எழுந்தது. அந்தத் தொடரை இன்று புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

தொடரின் பெயர், "பாபிலோன்-5". எழுதி உருவாக்கியவர் மைக்கேல் ஸ்டிராசின்ஸ்கி.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன், கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வானத்தில் ஓர் ஊர்

கதை நடப்பது 2258-ம் ஆண்டில்.

விண்வெளியில் ஒரு பெரிய நிலையம் மிதக்கிறது. அதன் நீளம் 5 மைல். அதற்குள் 2½ லட்சம் பேர் வசிக்கிறார்கள். மனிதர்கள் மட்டும் அல்ல. வேறு கிரகங்களைச் சேர்ந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். கடைத்தெரு உண்டு. நீதிமன்றம் உண்டு. சூதாட்ட விடுதி உண்டு. தோட்டமும் உண்டு.

இந்த நிலையம் உருளை வடிவமானது. எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். ஏன் சுழல வேண்டும்?

ஒரு வாளியில் தண்ணீரை ஊற்றி, கையால் பிடித்து வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். வாளி தலைகீழாக வந்தாலும் தண்ணீர் கீழே கொட்டாது. வாளியின் அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். அதுபோல, நிலையம் சுழலும்போது உள்ளே இருப்பவர்களின் கால்கள் தரையில் ஊன்றி நிற்கும். சுழலாத இடத்தில் அவர்கள் பஞ்சுபோல மிதப்பார்கள்.

இப்படி ஒரு நிலையத்தை எதற்காகக் கட்டினார்கள்? சமாதானத்துக்காக!

பத்து ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்களுக்கும் "மின்பாரி" என்ற இனத்தாருக்கும் பெரும் போர் நடந்தது. மனித இனமே பூண்டோடு அழிய இருந்தது. கடைசி நேரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. வெற்றி பெற இருந்த மின்பாரிகள் திடீர் என்று சரண் அடைந்துவிட்டார்கள்!

ஏன் சரண் அடைந்தார்கள்? அது ஒரு மர்மம்.

இனி இப்படி ஒரு போர் வரக்கூடாது, எல்லா இனத்தாரும் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்று இந்த நிலையத்தைக் கட்டினார்கள். அதுவும் எளிதில் முடியவில்லை. முதல் மூன்று நிலையங்களைச் சதிகாரர்கள் அழித்துவிட்டார்கள். நான்காவது நிலையம் வேலை தொடங்கிய 24 மணி நேரத்தில் மாயமாக மறைந்தது! ஐந்தாவதுதான் நிலைத்தது. அதனால்தான் "பாபிலோன்-5" என்று பெயர்.

ஏன் சலிப்பு?

இவ்வளவு மர்மம் இருந்தும் மக்களுக்கு ஏன் சலிப்பு ஏற்பட்டது?

முதல் ஆண்டில் 22 பகுதிகள் ஒளிபரப்பானார்கள் என்று சொல்லும்படி, புதுப் புது ஆட்கள் வாரந்தோறும் வந்துபோனார்கள். வாரத்துக்கு ஒரு தனிக்கதை. ஒரு வாரம் துறைமுகத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். இன்னொரு வாரம் குத்துச்சண்டை. மற்றொரு வாரம் ஒரு வியாதி. வழக்கு வரும், தீரும். பெரிய கதை எங்கே போகிறது என்று தெரியவில்லை.

பணமும் குறைவு. விண்வெளிக் கப்பல்களைக் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். டெலிவிஷன் தொடர் ஒன்றில் கப்பல்களைக் கம்ப்யூட்டரிலேயே வரைவது அந்தக் காலத்தில் புதுமை. தொடருக்கு முன்னோட்டமாக 1993-ம் ஆண்டு வந்த படத்துக்கு, அந்த வேலைக்காக "எம்மி" பரிசுகூடக் கிடைத்தது. ஆனால் இன்றைய கண்ணுக்கு அந்தக் கப்பல்கள் விளையாட்டுப் பொம்மைகள்போலத் தோன்றும்.

கதாநாயகன்மீதும் சிலர் குறை சொன்னார்கள். நிலையத்தின் தலைவர் "சிங்கிளேர்" ஆக நடித்தவர், மைக்கேல் ஓஹேர். "இவர் விறைப்பாக நிற்கிறார், முகத்தில் உணர்ச்சி இல்லை" என்பது அவர்கள் குறை.

அவர் முகத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது! அதைப் பிறகு பார்ப்போம்.

விதை போட்ட ஆண்டு

ஸ்டிராசின்ஸ்கி ஒரு புதுமையைச் செய்ய நினைத்தார். ஒரு பெரிய நாவலைப்போல, தொடக்கம், நடு, முடிவு எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்தார். கதை 5 ஆண்டுகள் நடக்க வேண்டும். டெலிவிஷனில் ஓர் ஆண்டு என்றால் கதையிலும் ஓர் ஆண்டு. 110 பகுதிகளில் 92 பகுதிகளை அவரே எழுதினார்!

ஐந்து ஆண்டுக் கதையில் முதல் ஆண்டு எதற்கு? விதைப்பதற்கு!

விதைத்த மறுநாள் வயலுக்குப் போனால் வெறும் மண்தான் தெரியும். முதல் 12 பகுதிகளைப் பார்த்தவர்களுக்கும் மண்தான் தெரிந்தது.

ஓர் உதாரணம் இதோ.

நிலையத்தில் இரண்டு தூதர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பெயர் லோண்டோ. "செண்டாரி" இனத்தவர். ஒரு காலத்தில் பெரிய சாம்ராஜ்யம் ஆண்ட இனம். இப்போது வாழ்ந்து கெட்ட குடும்பம்போல இருக்கிறது. லோண்டோவின் தலைமுடி மயில்தோகைபோல விரிந்து நிற்கும். குடிப்பார், சூதாடுவார், கடன் வாங்குவார். பார்த்தால் சிரிப்பு வரும்.

இன்னொருவர் பெயர் ஜீகார். "நார்ன்" இனத்தவர். செண்டாரிகளிடம் அடிமைப்பட்டுக் கிடந்த இனம் அது. போராடி விடுதலை பெற்றது. ஜீகாரின் நெஞ்சில் பழி வாங்கும் வெறி. தொடக்கத்தில் இவர்தான் வில்லன் என்று தோன்றும்.

முதல் பகுதியிலேயே லோண்டோ ஒரு ரகசியத்தைச் சொல்கிறார். தாம் எப்படிச் சாகப் போகிறோம் என்பதைக் கனவில் கண்டாராம். இன்னும் 20 ஆண்டுகள் கழித்து, தள்ளாத வயதில் ஒருவன் கழுத்தை இவர் நெரிக்கிறார். அவன் இவர் கழுத்தை நெரிக்கிறான். அந்த ஒருவன் யார்? ஜீகார்!

பார்த்தவர்கள், "குடிகாரன் உளறல்" என்று விட்டுவிட்டார்கள். 1996-ம் ஆண்டில், மூன்றாம் ஆண்டுக் கதையில், அந்தக் காட்சி கண்முன் வந்தது. அதற்குள் இருவரும் யாருமே எதிர்பாராத மனிதர்களாக மாறி இருந்தார்கள். அந்தப் பிடியின் பொருளும் வேறாகி இருந்தது!

13-வது பகுதியில் வந்த மனிதன்

1994 மே மாதம் 13-வது பகுதி வந்தது. அதில்தான் கதை திரும்பியது.

மோர்டன் என்று ஒரு மனிதன் நிலையத்துக்கு வருகிறான். நல்ல உடை, சிரித்த முகம், இனிய பேச்சு. தூதர்களை ஒவ்வொருவராகச் சந்திக்கிறான். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான்.

மின்பாரி தூதரான டிலென் என்ற பெண், அவனை வெளியே விரட்டிவிடுகிறாள். ஜீகார், தம் பகைவர்கள் அழிய வேண்டும் என்கிறார். அதற்குப் பிறகு என்ன வேண்டும் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. லோண்டோ, தம் இனம் பழைய பெருமையோடு மறுபடியும் ஆள வேண்டும் என்று மனம் திறந்து கொட்டிவிடுகிறார்.

மோர்டன் தேடி வந்த ஆள் கிடைத்துவிட்டான்!

கேட்ட வரம் லோண்டோவுக்குக் கிடைக்கிறது. அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? இரண்டாம் ஆண்டுக் கதையில், நார்ன்களின் தாயகத்தின்மீது விண்பாறைகள் வீசப்படுகின்றன. ஊர்கள் தரைமட்டம் ஆகின்றன. கப்பலின் சன்னல் ஓரத்தில் நின்று லோண்டோ அதைப் பார்க்கிறார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

முதல் ஆண்டைப் பார்க்காதவனுக்கு லோண்டோ ஒரு கொடியவன், அவ்வளவுதான். கடன் வாங்கிச் சூதாடிய அந்தக் கோமாளியைப் பார்த்துச் சிரித்தவனுக்கோ நெஞ்சு பதறும். "இந்த மனிதனா இப்படிச் செய்தான்?" என்று கேட்பான். முதல் ஆண்டு வீண் அல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

காணாமல்போன நான்காவது நிலையமும் அப்படித்தான். முதல் ஆண்டின் 20-வது பகுதியில் அது திடீர் என்று திரும்பி வருகிறது, மீண்டும் மறைகிறது. ஏன் என்று புரியாது. விடை 1996-ல் வந்தது. மக்கள் ஏறக்குறைய 2 ஆண்டுகள் காத்து இருந்தார்கள்!

கதாநாயகன் மறைந்தார்!

முதல் ஆண்டு முடிந்தது. இரண்டாம் ஆண்டு தொடங்கியது. மக்களுக்கு ஓர் அதிர்ச்சி!

கதாநாயகன் சிங்கிளேர் இல்லை. அவருடைய நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து இருந்தார். புரூஸ் பாக்ஸ்லைட்னர் என்ற நடிகர், "ஷெரிடன்" என்ற புதுத் தலைவராக வந்தார்.

ஓஹேர் ஏன் போனார்? பலர் பலவிதமாகப் பேசினார்கள். ஓஹேர் வாய் திறக்கவில்லை. ஸ்டிராசின்ஸ்கியும் வாய் திறக்கவில்லை.

உண்மை வெளிவர 2013-ம் ஆண்டு ஆயிற்று.

முதல் ஆண்டுப் படப்பிடிப்பு நடந்தபோதே ஓஹேர் மனநோயால் துன்பப்பட்டார். இல்லாதது இருப்பதாகத் தோன்றும். யாரோ தம்மைத் துரத்துவதாகத் தோன்றும். நாளுக்கு நாள் நோய் முற்றியது.

ஸ்டிராசின்ஸ்கிக்கு இது தெரிந்தது. "படப்பிடிப்பைச் சில மாதங்கள் நிறுத்திவைக்கலாம், நீங்கள் சிகிச்சை செய்துகொள்ளுங்கள்" என்ற கருத்தில் அவரிடம் பேசினார். ஓஹேர் சம்மதிக்கவில்லை. நிறுத்தினால் தொடரே நின்றுபோகலாம். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருடைய பிழைப்பும் போய்விடும் என்று அஞ்சினார். நோயோடு போராடியபடியே ஓர் ஆண்டு முழுவதும் நடித்து முடித்தார். பிறகு விலகிச் சிகிச்சை பெற்றார்.

இந்த ரகசியத்தைத் தாம் சாகும்வரை காப்பாற்றுவதாக ஸ்டிராசின்ஸ்கி வாக்குக் கொடுத்தார். அதற்கு ஓஹேர், "என் சாவுவரை காப்பாற்றினால் போதும்" என்ற பொருளில் பதில் சொன்னார். இப்படி ஒரு நோய் யாருக்கும் வரலாம் என்பதை உலகம் பிறகாவது தெரிந்துகொள்ளட்டும் என்பது அவர் எண்ணம்.

1996-ம் ஆண்டில் ஓஹேர் திரும்பி வந்து, இரண்டு பகுதிகளில் நடித்து, சிங்கிளேரின் கதையை நிறைவு செய்து கொடுத்தார். 2012 செப்டம்பர் 28-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 60. மறு ஆண்டு, ஸ்டிராசின்ஸ்கி உண்மையை ரசிகர்களிடம் சொன்னார்.

இப்போது முதல் ஆண்டின் 8-வது பகுதியைப் பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். அதில் சிங்கிளேருக்கு, போரின் கடைசி நாளில் 24 மணி நேரம் என்ன நடந்தது என்பதே நினைவு இல்லை. எது உண்மை, எது தோற்றம் என்று அவர் தவிக்கிறார். அதை நடித்தவரும் அப்போது அதே தவிப்பில்தான் இருந்தார்!

போரைக் கண்டு வந்த நடிகை

டிலெனாக நடித்த நடிகை மிரா பர்லான். யூகோஸ்லாவியாவில், சாக்ரெப் நகரில் பிறந்தவர். அங்கே புகழ்பெற்ற நடிகையாக இருந்தார். அந்த நாடு துண்டு துண்டாகி, போர் மூண்டபோது, 1991-ம் ஆண்டில் தாயகத்தை விட்டு அமெரிக்காவுக்கு வந்தார்.

பகைத்த இனங்களைச் சமாதானப்படுத்தும் தூதர் வேடம் அவருக்குக் கிடைத்தது. போரைப்பற்றி டிலென் பேசும்போது வெறும் வசனமாகத் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணம். 2021 ஜனவரியில் அவர் காலமானார்.

பரிசும் குறையும்

பொறுத்து இருந்தவர்களுக்கு ஏமாற்றம் இல்லை. விஞ்ஞானக் கதைகளுக்காகக் கொடுக்கப்படும் "ஹியூகோ" பரிசு, 1996-லும் 1997-லும் அடுத்தடுத்து இந்தத் தொடரின் பகுதிகளுக்குக் கிடைத்தது. ஒன்று இரண்டாம் ஆண்டுப் பகுதி. மற்றது மூன்றாம் ஆண்டுப் பகுதி. முதல் ஆண்டுக்குப் பரிசு இல்லை. விதைப்புக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? அறுவடைக்குத்தான் கிடைத்தது.

ஆனாலும் குறை இல்லாமல் இல்லை. தொடரை ஒளிபரப்பிய அமைப்பு 1997-ல் மறைந்துபோயிற்று. நான்காம் ஆண்டோடு தொடர் நின்றுவிடும் என்று அஞ்சிய ஸ்டிராசின்ஸ்கி, கதையை அவசரம் அவசரமாக முடிச்சுப் போட்டார். பிறகு வேறு ஒரு நிறுவனம் ஐந்தாம் ஆண்டுக்குக் கைகொடுத்தது. பெரிய சண்டைகள் எல்லாம் முன்பே முடிந்துவிட்டதால், ஐந்தாம் ஆண்டின் முதல் பாதி தொய்ந்து கிடக்கும். கடைசிப் பகுதி 1998 நவம்பர் 25-ந் தேதி ஒளிபரப்பாயிற்று. கண் கலங்காமல் அதைப் பார்ப்பது கடினம்.

எல்லாவற்றுக்கும் பொறுமை வேண்டுமா?

வேண்டாம்! மெதுவாகத் தொடங்கும் தொடர் எல்லாம் நல்ல தொடர் ஆகிவிடாது. வெளியே வராத விதையும் உண்டு. அப்படியானால் எப்படி முடிவு செய்வது? மூன்று கேள்விகள் உதவும்.

முதல் கேள்வி:- அது தொடர்கதையா, தனித்தனிக் கதைகளா?

1987-ம் ஆண்டில் தொடங்கிய "ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்" என்ற தொடரிலும் முதல் இரண்டு ஆண்டுகள் சப்பென்று இருந்தன. மூன்றாம் ஆண்டில்தான் சூடுபிடித்தது. மொத்தம் 178 பகுதிகள். ஆனால் பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். பிடிக்காததைத் தாண்டிப் போகலாம், நஷ்டம் இல்லை. பாபிலோன்-5 அப்படி அல்ல. அடித்தளத்தை விட்டுவிட்டு மாடிக்குப் போக முடியாது.

இரண்டாவது கேள்வி:- கதைக்கு முடிவு உண்டா?

"பயர்பிளை" என்று ஒரு விண்வெளித் தொடர். 14 பகுதிகள் எடுத்தார்கள். 2002-ம் ஆண்டில் 11 பகுதிகளைக் காட்டிவிட்டு நிறுத்திவிட்டார்கள்! கதையின் மிச்சத்தை அறிய, 2005-ல் சினிமாப் படம் வரும்வரை ரசிகர்கள் காத்து இருந்தார்கள். பாதியில் நின்ற தொடருக்காகப் பொறுமை காட்டுவது, பாலம் இல்லாத ஆற்றுக்கு வழி கேட்பதுபோல. பாபிலோன்-5-க்கு ஒழுங்கான முடிவு உண்டு.

மூன்றாவது கேள்வி:- மறுநாள் அந்தக் கதாபாத்திரங்கள் நினைவுக்கு வருகிறார்களா?

சண்டையும் வேகமும் பிறகு வரலாம். ஆனால், கதையில் வரும் ஒருவராவது மனதில் ஒட்ட வேண்டும். லோண்டோவோ ஜீகாரோ டிலெனோ, மறுநாள் வேலைக்கு நடுவே நினைவுக்கு வந்தால், விதை முளைக்கிறது என்று பொருள்.

நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி

22 பகுதிகளையும் பார்க்க 16 மணி நேரம் ஆகும். குடும்ப வேலைகளுக்கு நடுவே அவ்வளவு நேரம் எல்லோருக்கும் கிடைக்காது. அவர்கள் முதல் ஆண்டில் 6 பகுதிகளை மட்டும் பார்த்துச் சோதிக்கலாம்.

1-வது பகுதி: லோண்டோவின் கனவு.

5-வது பகுதி: நிலையத்தில் உள்ள ஒவ்வோர் இனமும் தன் மதத்தைக் காட்டும் வாரம். பூமியின் மதம் எது என்று காட்ட வேண்டிய முறை சிங்கிளேருக்கு வருகிறது. அவர் ஒரே மதத்தைக் காட்டவில்லை. கடவுள் இல்லை என்பவர் முதலாகப் பல மதத்தவர்களையும் ஒரே நீள வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார்! குழந்தைகளுக்கு அவசியம் காட்ட வேண்டிய காட்சி.

8-வது பகுதி: சிங்கிளேர் மறந்துபோன 24 மணி நேரம்.

13-வது பகுதி: மோர்டனின் கேள்வி.

20-வது பகுதி: மறைந்த நிலையம் திரும்பி வருகிறது.

22-வது பகுதி: ஒரே நாளில் அடுத்தடுத்துப் பேரிடிகள் விழுகின்றன. அவை என்ன என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த ஆறுக்கும் சுமார் 4½ மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகப் பார்த்தால் ஆறு வாரம்.

10-வது பகுதியைப் பெரியவர்கள் தனியாகப் பார்ப்பது நல்லது. நோயுற்ற மகனுக்கு அறுவை சிகிச்சை செய்யக்கூடாது என்று மத நம்பிக்கையால் தடுக்கும் பெற்றோரின் கதை அது. முடிவு மிகவும் சோகமானது. சிறு குழந்தைகள் தாங்கமாட்டார்கள்.

ஆறு பகுதிகள் முடிந்த பிறகு, வீட்டில் ஒருவராவது "அப்புறம் லோண்டோ என்ன ஆனான்?" என்று கேட்டால், முதல் பகுதிக்குத் திரும்பி, விட்டவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒருவர்கூடக் கேட்கவில்லையா? கவலை வேண்டாம். மனக்குறை இல்லாமல் நிறுத்திவிட்டு வேறு நல்ல கதையைத் தேடலாம்!